நீலச் சட்டைக்குத் தூக்காத விரல்

மார்ச் 3, ஞாயிறு

பிரார்த்தனை முடித்து எழுந்தபோது மணி ஐந்தே முக்கால். வாஷிங் மெஷின் மூன்றாவது நாளாகச் சுற்றவில்லை. இவருடைய வெள்ளைக் கோட்டைக் கையால் துவைத்துப் போட்டேன். காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அம்பயர் என்றால் கோட்டு இல்லாமல் போகக் கூடாதாம்.

இன்று பச்சைச் சட்டைக்கும் மஞ்சள் சட்டைக்கும். லீக்கில் பத்து அணிகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் எனக்கு எதற்கு, நிறம் போதும். வழக்கம்போல் சமையலறை ஜன்னலில் பைனாகுலரைப் பொருத்திக்கொண்டு, பந்து பந்தாக எழுதினேன். முப்பத்தெட்டாவது ஓவரில் பச்சை ஜெயித்தது. இவர் தந்த முடிவுகள் எல்லாம் சரி. வட்டம் ஒன்றுகூட இல்லை.

எழுதி முடித்து நோட்டை அலமாரியில் வைக்கப் போனால் — ஏழாவது நோட்டு ஆறாவதற்கு முன்னால் நிற்கிறது!

பதினொரு வருஷம், பதினொரு நோட்டு. இப்போது எழுதுவது பன்னிரண்டாவது. ஒருநாளும் வரிசை மாறி வைத்தவள் இல்லை நான். இவர் அந்த அலமாரியைத் தொடவே மாட்டார். அப்படியானால் கொழுந்தன்தான். வரட்டும்.

மார்ச் 4, திங்கள்

வந்தான். கேட்டேன். முகத்தில் வெட்கமே இல்லை.

"ஒரே ஒரு நாள்தான் அண்ணி. ஃபோட்டோ எடுத்துட்டு அப்படியே வெச்சுட்டேன்."

"அப்படியேவா? உன் கம்ப்யூட்டர்ல ஏழுக்கு அப்புறம்தான் ஆறு வருமோ?"

தலையைச் சொறிந்தான். நானும் என் ஆத்திரம் தீரத் திட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் வரும் ஸ்கோர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, எது எதைக் குறிக்கிறது என்று நானாகவே கண்டுபிடித்து எழுதப் பழகினேன். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எங்கே பட்டது என்று மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் வரைந்து காட்டியிருக்கிறேன். அதை வந்து ஒருவன் கேட்காமல் எடுத்துப் போவானா? என் குளியலறைக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருக்கிறது.

அவனும் அவன் கூட்டாளிப் பெண் சுருள்முடியும் சேர்ந்து பின்தெருவில் ஓர் அறை எடுத்துக் கிரிக்கெட் கேம் செய்கிறார்கள். போன வருஷம் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டார்கள். விளையாடியவர்கள், "பந்து நிஜம் மாதிரி இருக்கு, மழை நிஜம் மாதிரி இருக்கு, அம்பயர் மட்டும் தராசு மாதிரி இருக்கார். எந்த ஊர்ல இப்படி அம்பயர் இருக்கார்?" என்று எழுதினார்களாம். இப்போது அதையே டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டிக்குக் கொண்டுவர ஒரு வெளியீட்டு நிறுவனம் சம்மதித்திருக்கிறது. இருக்கிற கன்சோலுக்கு மே இருபதாம் தேதி. புதிதாக வரப்போகும் கன்சோல் மெஷினுக்கு வருஷக் கடைசியில். நிபந்தனை ஒன்றே ஒன்று: நிஜம்போல் இருக்க வேண்டும்.

"உங்க நோட்டுல இருக்கற அத்தனை அப்பீலையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்துட்டோம் அண்ணி. எந்தப் பந்து, எந்த டீம், அண்ணன் அவுட் குடுத்தாரா இல்லையா — எல்லாம். இனிமே கேம்ல இருக்கற அம்பயர் அப்படியே அண்ணன் மாதிரி யோசிப்பார். தங்கம் அண்ணி இது, தங்கம்!"

தங்கமாம். திருட்டுத் தங்கம்.

(உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.)

மார்ச் 9, சனி

ஜனவரியில் இவரை அந்த அறைக்கு அழைத்துப்போய், உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டை மாட்டி, மேலெல்லாம் வெள்ளை உருண்டைகளை ஒட்டி, விரல் தூக்குவதை நாற்பது தடவை படம் பிடித்தார்கள். முகத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றும் கண்ணாடி முன்னால் நின்று விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்தாலும் கேமுக்குள்ள நின்னுட்டே இருப்பேன், தெரியுமா?"

"அங்கயாவது கோட்டை அவங்களே துவைச்சுக்கட்டும்" என்றேன்.

மார்ச் 13, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

வாஷிங் மெஷினுக்கு மெக்கானிக் வந்தார். குனிந்து பெல்ட்டைக் கழற்றும்போது மணிக்கட்டைப் பார்த்தேன். பச்சைச் சட்டையின் ஆஃப் ஸ்பின்னர்! பதினொரு வருஷமாகப் பைனாகுலரில் பார்த்த கை. முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை.

"நீங்கதான் அந்த ஜன்னல் அக்காவா?" என்று அவரும் சிரித்தார். "அக்கா, உங்க வீட்டுக்காரர் விரலை எந்தக் கடையில வாங்குனீங்க? நீலத்துக்கு நாங்க போட்டா மட்டும் ரிப்பேர் ஆயிடுது."

கேலிதானே என்று நானும் சிரித்தேன். மடச்சி.

அவர் விடவில்லை. "உங்க வீட்டுத் தம்பி டெஸ்டிங்குக்குன்னு எங்களுக்கெல்லாம் அந்தக் கேமைக் குடுத்திருக்கான்ல, சூப்பர்க்கா. மைதானம், மரம், உங்க ஜன்னல்கூட இருக்கு. நான் பச்சையை எடுத்து நீலத்துக்குப் பந்து போட்டேன். நட்ட நடு ஸ்டம்புக்கு முன்னால பேடுல வாங்கறான். நான் வீட்டுல உக்காந்து கத்தறேன். உள்ளேயும் அண்ணன் தலையை ஆட்டறார்! தத்ரூபம்க்கா."

"மத்த டீமுக்குப் போட்டா?"

"டக்குனு தூக்கறாரே."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீலத்தோடு நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றியும் சொன்னார். அன்று ஐந்து விக்கெட் எடுத்தால் மேல்மட்ட அணிக்கான தேர்வுக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். இரண்டுதான் கிடைத்தது. "அப்புறம் வயசாயிடுச்சு. விடுங்கக்கா, பழகிடுச்சு. பெல்ட் புதுசு போட்டிருக்கேன், ரெண்டு வருஷம் ஓடும்."

அவர் போனதும் பத்தாவது நோட்டை எடுத்தேன். இறுதி ஆட்டம். பச்சையின் ஆஃப் ஸ்பின்னர்: விக்கெட் இரண்டு. அவர் பந்துகளுக்குப் பக்கத்தில் நான் போட்ட வட்டம்: நான்கு.

வட்டம் என்றால் என்னவென்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கொழுந்தன் அதைப் பேனா கசிவு என்று நினைத்திருப்பான். இவர் தப்பாகத் தந்த முடிவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். இவர் எப்போதும் எங்கள் வீட்டு நிழல் விழும் பக்கமாகவே நிற்பார். என் ஜன்னல் அதற்கு நேர் பின்னால், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே. இவர் பார்ப்பதை இவர் தலைக்கு மேலாக நானும் பார்ப்பேன். எதிர்ப் பக்கத்து அம்பயர் தரும் முடிவுக்கு நான் வட்டம் போடுவதில்லை. அங்கிருந்து பார்க்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வட்டம் போட்டேனே தவிர, ஒருநாளாவது அவற்றைக் கூட்டிப் பார்த்தேனா? பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் தேதி, எல்லாவற்றுக்கும் மாதக் கடைசியில் கூட்டல் போடுகிறவள், இதை மட்டும் ஏன் கூட்டவில்லை?

மார்ச் 14, வியாழன்

கூட்டினேன். காலையில் உட்கார்ந்தவள் பிற்பகலில்தான் எழுந்தேன்.

பதினொரு நோட்டிலும் சேர்த்து வட்டம் ஐம்பத்தெட்டு.
அதில் நீலத்துக்குச் சாதகமாகப் போனவை நாற்பத்தேழு.
மீதி ஒன்பது அணிகளுக்கும் சேர்த்துப் பதினொன்று.

இன்னொன்றும் எழுதுகிறேன். முதல் நான்கு வருஷத்தில் நீலத்துக்கு மூன்று. ஐந்தாவது வருஷத்திலிருந்து நாற்பத்து நான்கு. ஐந்தாவது வருஷம் என்ன நடந்தது? இவர் கிடங்கில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். கிடங்கு முதலாளி யார்? நீலச் சட்டை அணியின் தலைவர். அவர் மகன்தான் அணியின் முதல் ஆட்டக்காரன்.

இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆண்டவனே, மூன்றாவது தடவையும் பார்த்தேன். தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கூட்டினேன். அதே நாற்பத்தேழு.

மார்ச் 15, வெள்ளி

பதினொரு நோட்டையும் துடைத்து, வரிசையாக அலமாரியில் அடுக்கினேன்.

மார்ச் 17, ஞாயிறு

நீலத்துக்கும் சிவப்புக்கும். பதினோராவது ஓவர், முதலாளி மகன், பந்து நேராகக் கால் பேடில். சிவப்பு ஆட்கள் பதினொரு பேரும் கத்தினார்கள். இவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். காய்கறிக்காரனிடம் "வேண்டாம்" என்று ஆட்டும் அதே ஆட்டல்.

பன்னிரண்டாவது நோட்டின் முதல் வட்டம். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

சாயங்காலம் காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "பதினோராவது ஓவர் என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"அவுட்டுதானே?"

சிரித்தார். "ஜன்னல்ல நின்னு எல்பிடபிள்யூ குடுக்கற ஒரே அம்பயர் உலகத்துலேயே நீதான்டி."

கூட்டலைக் காட்டினேன். படித்தார். காபி ஆறிப்போனது. பிறகு தாளை மடித்து என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "விளையாட்டுல இதெல்லாம் சகஜம்" என்றார்.

சகஜம்! நாற்பத்தேழு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தது சகஜம்! அந்த மெக்கானிக் 'பழகிடுச்சு' என்று என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கியது சகஜம்!

தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறாரே, அப்போது என்னதான் கேட்பார்?

மார்ச் 21, வியாழன்

விஷயம் வெளியே வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

கொழுந்தனும் சுருள்முடியும் முகம் வெளிறி வந்தார்கள். வெளியீட்டு நிறுவனத்தில் கேமைச் சோதித்துப் பார்ப்பவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஓர் அணிக்கு மட்டும் அம்பயர் பாரபட்சம் காட்டுகிறார், இது பிழையா, இல்லை எங்கிருந்து கற்றதோ அங்கேயே அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் போக வேண்டும். இல்லாவிட்டால் மே மாதம் கிடையாது. புது மெஷினும் கிடையாது.

சுருள்முடி ஒரு படிவத்தை மேஜைமேல் வைத்தாள். நல்ல பெண். பயந்து பயந்துதான் பேசினாள்.

"இதுல ரெண்டு கட்டம் இருக்கு அண்ணி. 'பதிவில் பிழை' — அதுல நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும். நாங்க எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி சமப்படுத்திடுவோம், ரெண்டு நாள் வேலை. 'பதிவு உண்மை'ன்னா உங்க கையெழுத்தும் வேணும், அண்ணன் கையெழுத்தும் வேணும்."

"அவர் எதுக்கு?"

"முகமும் குரலும் அவரோடதாச்சே. ஒரு நிஜ மனுஷன் இப்படித்தான் முடிவு குடுத்தார்னு நாம சொல்றதா ஆகுது. அவரே ஒத்துக்கிட்டாத்தான் விடுவாங்க."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். "சின்னப் பிழைதானே அண்ணி? நீங்க வேலைக்கு நடுவுல எழுதறது. ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும். இல்லையா?"

வேலைக்கு நடுவில் எழுதுகிறேனாம். அடுப்பை அணைத்துவிட்டு எழுதுகிறேன்டா நான்.

இவர் அப்போது பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22, வெள்ளி

வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார்:

"தப்பா எழுதிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடேன். உனக்கு என்ன நஷ்டம்? உன்னை யாருக்குத் தெரியப் போவுது? பையன் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கான்."

பையனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் பாருங்கள்!

என்னை யாருக்கும் தெரியாதுதான். சரி. அதனால் என் கணக்கு பொய்யாகிவிடுமா? இந்த வீட்டில் என்னுடையது என்று என்ன இருக்கிறது? மெஷின் இவர் வாங்கியது, வீடு மாமனார் கட்டியது, கேம் கொழுந்தனுடையது. இந்தப் பதினொரு நோட்டு மட்டும்தான் எனது. அதன்மேல் நானே 'பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போட்டுட்டு நாளைக்குக் காலையில எந்த மூஞ்சியோட ஆண்டவன் முன்னால கண்ணை மூடறது? நீங்க மூடுவீங்க. உங்களுக்குப் பழக்கம்.

இதில் பாதியை வாய்விட்டே சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மார்ச் 24, ஞாயிறு

ஜன்னலைச் சாத்தினேன். பதினொரு வருஷத்தில் ஆட்டம் நடக்கும்போது சாத்தியது இதுதான் முதல் தடவை. சாத்தினாலும் சத்தம் வருகிறது. ஒவ்வொரு அப்பீலுக்கும் கை தானாகப் பேனாவைத் தேடியது. அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி.

இவர் வந்ததும் முதல் கேள்வி: "எழுதலையா?"

"எதுக்கு? தப்பாத்தானே எழுதுவேன்."

வெந்நீர்கூடக் கேட்காமல் குளிக்கப் போனார்.

மார்ச் 27, புதன்

கொழுந்தன் போன் செய்தான். அந்த அறையைக் காலி செய்ய வேண்டி வரலாமாம். சுருள்முடியின் வீட்டில் வேறு வேலைக்குப் போகச் சொல்கிறார்களாம்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனுக்குப் பதினான்கு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள் நான். அவன் முதல் தடவை பேண்ட் போட்டபோது கீழே மடித்துத் தைத்துக் கொடுத்தவள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க நிஜமாவே தப்பா எழுதினீங்களா?"

போனைக் காது மாற்றிப் பிடித்தேன்.

பிறகு, "அந்த வட்டம்... பேனா கசிவு இல்லையா அண்ணி?" என்றான்.

"இல்ல."

"சரி. நான் எதுவும் கேக்கல. நீங்க மனசுக்குப் பட்டதைப் பண்ணுங்க."

கெட்டிக்காரப் பயல். அண்ணனைவிட.

மார்ச் 29, வெள்ளி

இன்று பிரார்த்தனையில் சண்டைதான் போட்டேன். எதற்காக எனக்கு அந்த ஜன்னலைக் கொடுத்தாய்? வேறு பெண்களுக்கெல்லாம் சமையலறை ஜன்னலில் சுவர்தானே தெரிகிறது?

எழுந்து, படிவத்தை எடுத்து, 'பதிவு உண்மை' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். இவருடைய மூக்குக்கண்ணாடி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். இனி அவர் பாடு. கிழித்துப் போட்டால் போடட்டும். மே மாதமும் வேண்டாம், எந்த மெஷினும் வேண்டாம். பொய்க் கையெழுத்து என் கையால் விழாது.

மார்ச் 30, சனி

படிவம் டப்பாவுக்கு அடியிலேயே இருந்தது. பார்த்திருக்கிறார். கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழுந்தன் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கன்சோல். இவரே வரச் சொன்னாராம்! "நானும் ஒரு தடவை ஆடிப் பாக்கறேன். எல்லாரும் என்னைப் பத்திப் பேசறீங்க, நான் இன்னும் என்னைப் பாக்கவே இல்லையே."

டிவியில் மாட்டினான். எங்கள் மைதானம் அப்படியே தெரிந்தது. மட்டையாளர் கண்ணுக்குப் பந்து தெரிய நிறுத்தும் வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் எங்கள் வீடு, ஜன்னல். ஸ்டம்புக்குப் பின்னால் இவர், வெள்ளைக் கோட்டோடு. இங்கே சோபாவிலும் இவர். கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை.

"எந்த டீம் வேணும்ண்ணே?"

"பச்சை. எதிர்ல நீலம்" என்றார்.

ஏன் பச்சையைக் கேட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவருக்குக் கண்ட்ரோலர் பிடிக்கத் தெரியவில்லை. முதல் ஓவரில் வைடுக்கு மேல் வைடு. "டேய், இந்தப் பொத்தான் எதுக்குடா? ஐயோ, அவன் எங்கேயோ ஓடறான்!" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது ஓவரில் பந்து ஒழுங்காக விழ ஆரம்பித்தது. நான்காவதில் ஒன்று திரும்பி உள்ளே வந்து, நீலச் சட்டையின் பேடில் நேராக அடித்தது. ஸ்டம்ப் மூன்றும் அவன் காலுக்குப் பின்னால்.

இவர் சோபாவிலிருந்து எழுந்து கத்தினார். "அவுட்டு!"

திரையில் இவர் தலையை ஆட்டினார்.

"டேய், என்னடா இது? நட்ட நடுவுலடா!"

இவர் உட்கார்ந்து மறுபடியும் போட்டார். ஐந்தாறு பந்துக்குப் பிறகு இன்னொன்று. அதுவும் நேராக. திரையில் அதே முகம், அதே ஆட்டல். இவருடைய குரலிலேயே "நாட் அவுட்" என்றது.

"யோவ்! கண்ணு தெரியலையா உனக்கு?" — தன்னைப் பார்த்துத்தான் கத்துகிறோம் என்பதே மறந்துபோய்க் கத்தினார்.

மூன்றாவதற்குக் கத்தவில்லை. நான்காவது பந்து பட்டபோது அப்பீல் பொத்தானை அழுத்தவே இல்லை. கேட்டு என்ன பிரயோஜனம் என்பதுபோல அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்தார். அதாவது, திரையில் இருந்த பச்சைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்தபடி திரும்பி நடந்தார்.

கண்ட்ரோலரை மேஜைமேல் மெதுவாக வைத்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அவர் ஒருநாளும் கேட்டதில்லை" என்றார். முதலாளியைச் சொல்கிறார். "ஒரு வார்த்தை, ஒரு ஜாடை, எதுவும் இல்லை. நானாத்தான். பந்து பேடுல படும்போதெல்லாம், திங்கக்கிழமை காலையில சாவி வாங்கும்போது அவர் மூஞ்சியைப் பாக்கணுமேன்னு ஒரு நினைப்பு வரும். அதுக்குள்ள தலை ஆடிடும்."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உண்மை வந்தால் கோபம் தணியும் என்று நினைத்திருந்தேன். கூடிவிட்டது! யாராவது மிரட்டினார்கள், பிள்ளைகுட்டிக்காரன், வேறு வழி இல்லை என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். யாருமே கேட்கவில்லை! கேட்காதவனுக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார், ஏழு வருஷம். அந்த மெக்கானிக்கின் நான்கு விக்கெட்டையும் சேர்த்து.

"அந்த ஆஃப் ஸ்பின்னர் அன்னிக்கு ஆறு எடுத்திருப்பாருங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.

தெரியுமாம்.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் ஆட்டத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னார். சொல்ல மாட்டேன் என்றேன். அவரே போன் எடுத்து, "இனிமே நீலம் ஆடற மேட்சுக்கு என்னைப் போடாதீங்க" என்று லீக் செயலாளரிடம் சொன்னார். ஏன் என்று கேட்டார்கள்போல. "நான் அவங்க கம்பெனியில வேலை பாக்கறேன். ஏழு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கணும்."

பிறகு படிவத்தை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். சுருள்முடி வாங்கிப்போக வந்தபோது, "முகத்தை மாத்திடவாண்ணே? வேற யாரையாவது வெச்சுக்கலாம்" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. வேற ஒருத்தன் மூஞ்சியில எதுக்கு இதை ஒட்டணும்?"

அவருக்கு மதியம் சாப்பாடு போட்டேன்.

ஏப்ரல் 6, சனி

இவரே போய் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"யோவ், நான் எப்பய்யா கேட்டேன்? என் பையன் நல்லா ஆடறான்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்!"

மறுநாளிலிருந்து ஸ்டோர் சாவி வேறொருவர் கையில். இவருக்குப் பின்பக்கத்து லாரி ஷெட்டில் சரக்கு எண்ணும் வேலை. வெயில். சட்டை முதுகெல்லாம் உப்புக் கோடு. துவைக்கும்போது பார்க்கிறேன். அந்த முதலாளியை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லையே, என்ன செய்ய?

மெக்கானிக்கின் கடைக்கும் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. "டீ வாங்கிக் குடுத்தான்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, புதன்

நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள். மே இருபது உறுதி. புது மெஷினுக்கு டிசம்பர். கேமில் ஒரு பொத்தான் வைக்கிறார்கள்: அம்பயர் நேர்மையாக இருக்க வேண்டுமா, நிஜமாக இருக்க வேண்டுமா என்று ஆடுபவரே முடிவுசெய்துகொள்ளலாம். சோதித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 'நிஜம்' என்பதைத்தான் அழுத்துகிறார்களாம். கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று சுருள்முடி சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் என் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். கேட்டுத்தான் எடுத்தார். வரிசை மாறாமல் திருப்பி வைத்தார். ஒவ்வொரு வட்டத்திலும் விரலை வைத்து நிற்பார். சில நேரம் "ம்" என்பார்.

இன்று காலை, நான் ஜன்னலில் பைனாகுலரைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது, எட்டாவது நோட்டைத் திறந்து கொண்டுவந்தார். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடந்த ஆட்டம், இருபத்திரண்டாவது ஓவர், நான்காவது பந்து.

"மத்ததெல்லாம் நீ போட்டது சரி. முதல் நாலு வருஷத்து மூணு மட்டும் எனக்கு நிஜமாவே அப்ப தெரியல, ஆனா அதுவும் தப்புதான். இது ஒண்ணு மட்டும் அவுட் இல்ல."

"நேரா பேடுல பட்டுதே. படம் போட்டிருக்கேன் பாருங்க."

"பட்டது. அதுக்கு முன்னால மட்டையில ஒரசிச்சு, அப்புறம் அவுட் கிடையாதே. மெலிசா ஒரு சத்தம். நான் கேட்டேன். உன் ஜன்னலுக்குக் கேட்டிருக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பத்தாறு தடவை தலையை ஆட்டிய ஆள், இப்போது ஒரு சத்தத்தைக் கொண்டுவருகிறார். அதற்குச் சாட்சி யார்? நான் கண்ணால் பார்க்காத ஒன்றை ஒருநாளும் நோட்டில் ஏற்றியதில்லை.

அவர் வாதாடவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றப் போனார்.

கீழே ஆட்டம் ஆரம்பமானது. வேறு அம்பயர். மூன்று ஓவர் எழுதினேன். உரசியிருந்தால் இங்கே கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மட்டையின் நடுவில் அடித்தால் கேட்கிறது. ஓரத்தில் பட்டால், இல்லை, கேட்கவில்லை.

எட்டாவது நோட்டை எடுத்தேன். அந்த வட்டத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'அம்பயர் சொன்னபடி' என்று எழுதி, இன்றைய தேதி போட்டேன்.

கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "நீலத்து வட்டம் நாப்பத்தேழு இல்லடா, நாப்பத்தாறு. எட்டாவது நோட்டுல ஒரு பந்து மட்டையில பட்டிருக்கு."

"ஒரு பந்துக்காகவா அண்ணி? இனிமே மாத்தினா கம்ப்யூட்டருக்கு மறுபடி சொல்லிக் குடுத்து எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கணும்."

"ஓட்டிப் பாரு."

கன்சோலில் வரும்போது சரியாக இருக்கும் என்றான்.